பிரிட்ஜ்ல முதல் சீட்டு எதுன்னு வாரம் ஒரு கணக்கு போடுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல செஸ் புதிர் வருது, சுடோகு வருது, குறுக்கெழுத்து வருது, பிரிட்ஜ் சீட்டாட்டம் மட்டும் வரவே மாட்டேங்குது. 2018 ஜகார்த்தா ஏசியன் கேம்ஸ்ல பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் ஆண்கள் ஜோடி பிரிவுல தங்கம் வாங்குனாங்க, அடுத்த ஏசியன் கேம்ஸ்ல, ஹாங்சோவுல, நம்ம ஆண்கள் டீம் வெள்ளி எடுத்துது. ரெண்டு தடவையும் நான் படிச்ச செய்தியில எல்லாம் அவங்க வயசு என்ன, வேலை என்னங்கிறதுதான் இருந்துச்சு, எப்படி ஆடி ஜெயிச்சாங்கன்னு ஒரு வரி கூட இல்ல. கிரிக்கெட்ல ஒரு ஓவரை பத்தி அரைப்பக்கம் எழுதுறோம்ல, அந்த மாதிரி பிரிட்ஜ்லயும் ஒரே ஒரு கையை எடுத்து, ஏலம் எப்படி போச்சு, முதல் சீட்டு என்ன விழுந்துச்சுன்னு போட்டா சீட்டே தொடாதவங்களுக்கும் இதுல என்ன இருக்குன்னு புரியும்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். நாலு பேர், எதிரெதிரே உக்காந்திருக்கிற ரெண்டு பேர் ஒரு ஜோடி, ஆளுக்கு 13 சீட்டு. முதல்ல ஏலம், எது துருப்பு, எத்தனை ட்ரிக் (நாலு பேரும் ஆளுக்கு ஒரு சீட்டு போடுற ஒரு சுத்து) எடுப்போம்னு கேக்கணும். ஏலம் எடுத்தவருக்கு இடது பக்கம் இருக்கிறவர் முதல் சீட்டை இறக்கணும், அதுக்கு அப்புறம்தான் ஏலம் எடுத்தவரோட பார்ட்னர் தன் கையில இருக்கிற சீட்டை எல்லாம் மேஜையில விரிச்சு வைப்பார். அதாவது ஆட்டத்துலயே கண்ணைக் கட்டிக்கிட்டு எடுக்கிற முடிவு அந்த முதல் சீட்டு ஒண்ணுதான், கையில இருக்கிற 13 சீட்டும் காதுல விழுந்த ஏலமும் தவிர வேற எந்த ஆதாரமும் கிடையாது. நிறைய ஆட்டம் அங்கயே முடிவாயிடும்.

ஒரு கை எடுத்துக்குவோம். ஸ்பேடுல ஜாக், 5. ஹார்ட்ல 9, 6, 4. டைமண்ட்ல ராணி, 8, 5, 3, 2. கிளாவர்ல 9, 6, 2. எதிராளி 1 நோ ட்ரம்ப் (துருப்பே இல்லாத ஆட்டம், ஏலத்துல சொல்ற எண்ணோட 6 சேர்த்தா எடுக்க வேண்டிய ட்ரிக்) கேக்குறார், அவர் பார்ட்னர் நேரா 3 நோ ட்ரம்ப்னு முடிச்சிட்டார், உங்க முறை. புதுசா கத்துக்கிட்டவங்க எல்லாரும் நீளமான வரிசையில (ஸ்பேடு, ஹார்ட் மாதிரி ஒவ்வொரு இனமும் ஒரு வரிசை) நாலாவது பெரிய சீட்டு, டைமண்ட் 3-ஐ போடுவாங்க, அப்படித்தான் சொல்லியும் கொடுக்கிறாங்க. ஆனா கொஞ்சம் நிதானிச்சு பாருங்க. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1னு மொத்தம் 40 பாயிண்ட், எதிராளிங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து சுமார் 25 இருக்கணும், உங்ககிட்ட வெறும் 3, அப்போ உங்க பார்ட்னர்கிட்ட கிட்டத்தட்ட 12 பாயிண்ட் கிடக்கு. டைமண்டை நீங்க கஷ்டப்பட்டு உருவாக்கினாலும் திரும்ப ஒரு ட்ரிக் ஜெயிச்சு உள்ள வர உங்ககிட்ட ஒரு வழியும் இல்ல. அது மட்டும் இல்ல, 3 நோ ட்ரம்ப் கேட்டவர் 2 கிளாவர்னு சொல்லி "உனக்கு ஸ்பேடோ ஹார்ட்டோ நாலு இருக்கா"ன்னு கேட்டிருக்கலாம், ஸ்டேமன்னு அதுக்கு பேரு, அவர் கேக்கல, அப்போ அவர்கிட்ட பெரும்பாலும் நாலு ஸ்பேடும் இல்ல நாலு ஹார்ட்டும் இல்ல. உங்ககிட்ட ஸ்பேடு ரெண்டே ரெண்டு, மிச்சம் 11-ல அவருக்கு மூணு, ஏலம் எடுத்தவருக்கு ஒரு மூணுன்னு வெச்சாலும் உங்க பார்ட்னருக்கு அஞ்சு வருது. ஸ்பேடு ஜாக்கை போடுங்க, அதுதான் நல்ல சீட்டு. பார்ட்னர் வாயே திறக்காம இருந்தும் அவர் கையில என்ன இருக்குன்னு எதிராளியோட ஏலமே சொல்லிடுச்சு பாத்தீங்களா.

இப்போ அதே 13 சீட்டு, ஏலத்தை மட்டும் மாத்துங்க. 1 நோ ட்ரம்ப், 2 கிளாவர், 2 ஸ்பேடு, 3 நோ ட்ரம்ப். ஏலம் எடுத்தவர்கிட்ட நாலு ஸ்பேடு இருக்கு, விரிக்கப் போறவர்கிட்ட அனேகமா நாலு ஹார்ட். இப்போ ஸ்பேடு ஜாக்கை போட்டா அவங்க வேலையை நீங்களே செஞ்சு கொடுத்த மாதிரி ஆயிடும், டைமண்ட் 3 தான் சரி. இதே ஏலத்துல அந்த 2 கிளாவர் மேல உங்க பார்ட்னர் டபுள் (எதிராளி கேட்டதுக்கு சவால் விடுற ஏல வார்த்தை) சொல்லியிருந்தா? கிளாவர் போடு, கிளாவர் என் கையில பலமா இருக்குன்னு விதிக்கு உட்பட்டு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார், கிளாவர் போடணும். ஒரே கைக்கு மூணு ஏலம், மூணு வேற வேற சீட்டு. இதைத்தான் மனப்பாட விதியை வெச்சுக்கிட்டு ஆடுறவங்க பிடிக்கிறதே இல்ல.

எங்க பக்கம் கிளப்ல எல்லாம் நான் பாக்குறது, நம்ம ஆளுங்க ஏலம் கேக்கும்போது பாயிண்டை எண்ணுறாங்க, ஆனா பார்ட்னர் முதல் சீட்டு போடுறதுக்கு இது உதவுமான்னு யோசிக்கிறது இல்ல. எதிராளி 1 டைமண்ட் கேட்டிருக்கார், உங்ககிட்ட ஸ்பேடுல ராஜா, ராணி, ஜாக், 10, 5 இருக்கு, வெளிய ஒண்ணுமே இல்ல, மொத்தமே 6 பாயிண்ட், தைரியமா 1 ஸ்பேடு கேளுங்க, ஏன்னா பார்ட்னர் ஸ்பேடு போட்டா அந்த ஏஸ் போனதும் நாலு ட்ரிக் உங்களுக்கு ரெடி. ராணி, 7, 6, 4, 2-ன்னு ஒரு ஓட்டை ஸ்பேடு, பாயிண்ட் எல்லாம் மத்த வரிசையில சேர்த்து 11, இப்போ 1 ஸ்பேடு கேக்காதீங்க, கேட்டீங்கன்னா ராஜாவும் 3-ம் மட்டும் வெச்சிருக்கிற உங்க பார்ட்னர் உங்களை நம்பி ராஜாவை இறக்குவார், ஏலம் எடுத்தவர்கிட்ட ஏஸும் ஜாக்கும் சேர்ந்து இருந்தா அதோட ஒரு ட்ரிக் போச்சு. பார்ட்னரை திட்டி என்ன பண்றது, அவர் நீங்க சொன்னதைத்தானே கேட்டார்.

முதல் சீட்டு எவ்ளோ மதிப்புள்ள விஷயம்னு தெரியணும்னா 2015-ஐ பாருங்க. அந்த வருஷம் உலக டீம் சாம்பியன்ஷிப், பெர்முடா பவுல், நம்ம சென்னையிலதான் நடந்துச்சு. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி நார்வே ஆட்டக்காரர் ப்ரோகலண்ட் (Boye Brogeland), இஸ்ரேலோட லோடன் ஃபிஷர், ரான் ஷ்வார்ட்ஸ் ஜோடி ஏமாத்துறாங்கன்னு வெளிப்படையா சொன்னார். பெரிய போட்டியில பார்ட்னர் முகம் தெரியக்கூடாதுன்னு மேஜைக்கு குறுக்கால தடுப்பு வெச்சிருப்பாங்க, ஏலத்தைக் கூட வாயால சொல்லாம அட்டை எடுத்து வைக்கிறதுதான். சீட்டு வர்றது போர்டுன்னு ஒரு தட்டுல, அதே சீட்டை மத்த மேஜையிலயும் ஆடுவாங்க, அதனால நல்ல சீட்டு வந்துச்சு கெட்ட சீட்டு வந்துச்சுங்கிற பேச்சுக்கே இடமில்ல. ஏலம் முடிஞ்சதும் அந்த போர்டை மேஜையில எந்த இடத்துல நகர்த்தி வைக்கிறாங்கங்கிறதுதான் அவங்க சைகைன்னு 2014 ஐரோப்பிய சாம்பியன்ஷிப் வீடியோவை ஓட்டி ஓட்டி பாத்து கண்டுபிடிச்சாங்க. எந்த வரிசையில முதல் சீட்டு போடணும், அவ்ளோதான் அதுல இருந்த தகவல். அதுக்காக ரெண்டு பேர் தங்களோட பேரையே பணயம் வெச்சிருக்காங்க. இஸ்ரேல் சென்னைக்கு வரல, வேற ஜோடிங்க மேலயும் புகார் கிளம்பி மொனாகோவும் ஜெர்மனியும் விலகிடுச்சு, போலந்துல ஒரு ஜோடிக்கு கடைசி நேரத்துல அனுமதி இல்லன்னுட்டாங்க, மிச்சம் நாலே பேரை வெச்சு ஆடுன போலந்து ஃபைனல்ல ஸ்வீடனை ஜெயிச்சு கோப்பையை தூக்குச்சு. இவ்ளோ பெரிய கதை நம்ம ஊர்ல நடந்திருக்கு, எத்தனை பேருக்கு தெரியும் சொல்லுங்க.

சீட்டுன்னாலே சூதாட்டம்னு வீட்ல பசங்களை அடக்குறவங்க இன்னும் இருக்காங்க. 1967-லயே சுப்ரீம் கோர்ட் ரம்மி வழக்குல அது பெரும்பாலும் திறமை ஆட்டம்தான்னு சொல்லிடுச்சு, அதுக்கு ஒப்பிட்டு காட்டுனதும் பிரிட்ஜைத்தான். செஸ்ஸுக்கு நாம கொடுக்கிற மரியாதையில பாதியாவது இதுக்கும் கொடுக்கலாம், பள்ளிக்கூடத்துலயே சொல்லித் தரலாம், அதுக்கு முதல் படியா பேப்பர்ல ஒரு சின்ன கட்டம் போதும். 13 சீட்டு, ஏலம், "நீங்கள் எதைப் போடுவீர்கள்?"னு ஒரு கேள்வி, அடுத்த வாரம் விடையும் காரணமும்.

ஆரம்பிக்கிறதுக்கு ஒண்ணு நானே அனுப்புறேன். உங்க கையில ஸ்பேடு 6, 2. ஹார்ட் ராஜா, ராணி, 10, 5. டைமண்ட் 9, 7, 6, 4, 3. கிளாவர் 8, 3. எதிராளி 1 ஸ்பேடுல ஆரம்பிச்சார், அவர் பார்ட்னர் 2 டைமண்ட் கேட்டார், ஏறி ஏறி கடைசியில 6 ஸ்பேடுல வந்து நின்னுச்சு. அது வரைக்கும் பாஸ் சொல்லிட்டு இருந்த உங்க பார்ட்னர் இப்போ டபுள்ங்கிறார். ஹார்ட் ராஜா விடை இல்ல.

இப்படிக்கு,
பிரிட்ஜ் ஆடும் வாசகர் ஒருவர்,
திருச்சி