செயலாளர் ஆண்டறிக்கை 2021–22: பழைய அறையும் புதிய சாவியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வீட்டிலிருந்தே ஜிட்சி காணொளிக் கூட்டத்தில் சேர்ந்து மைக்கை அணைக்க மறந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2021 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை நமது லினக்ஸ் பயனர் சங்கத்தில் நடந்தவற்றை இங்கே வாசிக்கிறேன்.

முதலில் அஞ்சலி. கொரோனா இரண்டாம் அலையில் நம் மூத்த உறுப்பினர் ஒருவரை இழந்தோம். இணையம் மெதுவாக இருந்த காலத்தில் லினக்ஸை சிடியில் எரித்துக் கல்லூரி கல்லூரியாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர். ஊரடங்கினால் யாரும் போய்ப் பார்க்க முடியவில்லை. அவர் ஒரு பவுன்சர் வைத்திருந்தார். நாம் தூங்கினாலும் நம் பெயரை அரட்டை அறையில் நிறுத்திவைக்கும் நிரல் அது. அதற்கு வாடகை முன்பணமாகக் கட்டியிருந்தார் போலிருக்கிறது. அவர் மறைந்த பிறகும் அவர் பெயர் அறையில் இருந்தது. யாரும் அதை வெளியேற்றவில்லை. வெளியேற்றும் அதிகாரமும் நம்மில் யாரிடமும் இல்லை, அதைப் பின்னால் சொல்கிறேன். எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நிற்கக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி. அமரலாம்.

வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் 14 அன்று டெபியன் 11 என்ற லினக்ஸ் பதிப்பு வெளியானது. அதை நிறுவிக்கொடுக்கும் முகாமை இரண்டு ஞாயிறுகளில் நடத்தினோம். வந்தவர்களில் பாதிப்பேருக்கு வேண்டியிருந்தது டெபியன் அல்ல, பழைய மடிக்கணினியில் வைஃபை வேலை செய்ய வேண்டும் என்பதுதான். சரி, அதுவும் சேவைதான். செப்டம்பர் 18, மென்பொருள் சுதந்திர நாள், இணையவழியிலேயே கழிந்தது. ஜனவரி கூட்டம் மூன்று ஞாயிறு முழு ஊரடங்கில் மாட்டிக்கொண்டு நடக்கவே இல்லை. தமிழ்99 தட்டச்சு வகுப்பு அறிவிப்போடு நின்றுவிட்டது. அந்தக் குறை என்னுடையது.

மற்றபடி இந்த ஆண்டு நம் நேரத்தையெல்லாம் விழுங்கியது ஒரே கேள்வி: நம் அரட்டை அறையை எங்கே வைப்பது?

புதிய உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. ஐஆர்சி என்பது 1988இல் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் பிறந்த அரட்டை முறை. யார் வேண்டுமானாலும் சர்வர் நடத்தலாம், எந்த மென்பொருளை வைத்தும் சேரலாம். நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் கட்டற்ற மென்பொருள்காரர்களுக்கு அதில் நெடுங்காலம் சொந்த ஊர் என்றால் ஃப்ரீநோட் என்ற நெட்வொர்க்தான். நம் அறையும் அங்கேதான் இருந்தது. ராப் லெவின் என்பவர் வளர்த்தது. ஓப்பன் புராஜெக்ட்ஸ் நெட்வொர்க் என்று இருந்து 2002இல் இந்தப் பெயருக்கு மாறியது. 2006 செப்டம்பரில் ஹூஸ்டனில் சைக்கிளில் போன லெவின் மீது கார் மோதியது. அவர் இறந்தபின் தொண்டர்கள் நடத்திவந்தார்கள். சர்வர்கள் பலர் இனாமாகக் கொடுத்தவை.

2017இல் ஃப்ரீநோட் பெயரில் இருந்த கம்பெனி ஆண்ட்ரூ லீ என்ற தொழிலதிபரிடம் கைமாறியது. என்ன நிபந்தனையில் என்று தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று தொண்டர்கள் பிறகு கூறினார்கள். கம்பெனியும் பெயரும் சட்டப்படி தன்னுடையவை என்றார் லீ. நம் ஊர்ப் படிப்பகத்தை நினைத்துக்கொண்டால் புரிந்துவிடும். நாளிதழ் வாங்கிப்போடுபவர் ஒருவர், பெஞ்ச் கொடுத்தவர் இன்னொருவர், தினமும் கூட்டிப் பெருக்குபவர் வேறொருவர். பட்டா யார் பெயரில் என்று ஒருநாள் யாரோ கேட்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் போகும்.

2021 மே 19 அன்று தொண்டர்களில் பெரும்பாலோர் மொத்தமாக விலகி, அன்றைக்கே லிபெரா சாட் என்ற புதிய நெட்வொர்க்கைத் திறந்தார்கள். உபுண்டு, ஜென்டூ, ஆர்ச் ஆகிய லினக்ஸ் திட்டங்கள், விக்கிமீடியா என்று வரிசையாக அங்கே குடிபோனார்கள். அடுத்த வாரமே, அறைத் தலைப்பில் லிபெராவைக் குறிப்பிட்டிருந்த சுமார் 700 சேனல்களை, அதாவது அரட்டை அறைகளை, ஃப்ரீநோட் நிர்வாகம் தன் கையில் எடுத்துக்கொண்டது.

நம் அறை அந்த 700இல் இல்லை. நாம் சாமர்த்தியசாலிகள் என்பதால் என்று யாரும் நினைக்க வேண்டாம். நமக்குத் தலைப்பை மாற்றவே தெரியவில்லை, அதாவது முடியவில்லை. அறையைப் பதிவு செய்தவர் பல ஆண்டுகளுக்கு முன் செயலாளராக இருந்தவர். வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். அறையின் உரிமை அவருடைய ஒரே பயனர் பெயரில். கடவுச்சொல் மறந்துபோயிற்று. மீட்டெடுக்கலாம் என்றால் அவர் கொடுத்திருந்தது கல்லூரிக்கால மின்னஞ்சல் முகவரி, அது எப்போதோ செத்துவிட்டது. தொலைபேசியில் பிடித்தபோது மனிதர் பாவம் உண்மையாகவே வருத்தப்பட்டார். "தம்பி, நான் போகும்போது அலமாரிச் சாவியை ஒப்படைச்சேன், ரசீது புத்தகத்தை ஒப்படைச்சேன், இது ஞாபகத்துக்கே வரலை" என்றார். ஒப்படைப்புப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அலமாரிச் சாவி இரண்டு என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவான சங்கம் நாம். நிர்வாகிகள் பட்டியல், வரவு செலவு என்று மாவட்டப் பதிவாளருக்கு எல்லாம் ஒழுங்காகப் போகிறது. நாம் தினமும் கூடிப் பேசும் இடம் யார் பெயரில் என்று மட்டும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

இந்த நிலையில்தான் மே கடைசி ஞாயிறு முதல் கூட்டம். இரண்டு மணி நேரம் என்று அறிவித்தோம், நான்கு மணி நேரம் போனது. அதில் முதல் ஒரு மணி நேரம் மாறத்தான் வேண்டுமா என்பது. "இருக்கிற இடத்தில் என்ன குறை, யார் முதலாளியானால் நமக்கென்ன, நாம் என்ன ராணுவ ரகசியமா பேசுகிறோம்?" என்று பொருளாளர் ஐயா கேட்டார். நியாயமான கேள்விதான், யாராலும் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 700 சேனல் விவகாரத்தை ஒருவர் நினைவூட்டிய பிறகு, தான் எதிர்க்கவில்லை, ஆனால் பணம் மட்டும் கேட்காதீர்கள் என்று முடித்துக்கொண்டார்.

இரண்டாம் கூட்டத்தில் எங்கே போவது என்பது. லிபெரா ஒரு கட்சி. ஐஆர்சி போலவே யார் வேண்டுமானாலும் சர்வர் நடத்தக்கூடிய புதிய அரட்டை முறையான மேட்ரிக்ஸ் ஒரு கட்சி. டெலிகிராம் குழு ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே, அதுவே போதும் என்பது இளைஞர் கட்சி. ஓஎஃப்டிசி என்ற இன்னொரு ஐஆர்சி நெட்வொர்க் நான்காவது கட்சி. அதில் என்னையும் சேர்த்து மூன்று பேர். டெபியன் 2006லேயே ஃப்ரீநோட்டை விட்டு ஓஎஃப்டிசிக்குப் போய்விட்டது, பதினைந்து ஆண்டுகளாக ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இல்லாத இடம்தான் நல்ல இடம் என்பது என் வாதம். எடுபடவில்லை.

மேட்ரிக்ஸுக்காகப் பேசிய கல்லூரி மாணவியின் வாதம்தான் இரண்டு கூட்டங்களிலும் சிறந்தது என்று செயலாளர் என்ற முறையில் பதிவு செய்கிறேன். ஐஆர்சியில் ஒரு வரிக்கு 512 பைட்தான் அளவு. அனுப்புபவர் பெயர், சேனல் பெயர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. 'தமிழ்நாடு' என்று எழுதினால் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது குறியீடு, 27 பைட். "அண்ணா, இங்கிலீஷ்காரங்க பேசுறதுல மூணுல ஒரு பங்குதான் நாம ஒரு வரியில பேச முடியுது. நம்ம சங்கத்துல நாமளே தமிழ் எழுதாம தங்கிலீஷ்ல தட்டுறதுக்கு இதுவும் ஒரு காரணம் இல்லையா?" என்று கேட்டார். சில மென்பொருள்கள் நீண்ட வரியை எழுத்துக்கு நடுவிலேயே வெட்டிவிடும், கடைசியில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் மிஞ்சும். அது எல்லோரும் பார்த்ததுதான், ஏன் என்று கணக்குப் போட்டவர் அவர்தான். மேட்ரிக்ஸில் ஒரு செய்தி 65,536 பைட் வரை போகலாம் என்றும் சொன்னார். அவ்வளவு நீளத்துக்கு யாராவது எழுதினால் தான் சங்கத்தை விட்டே போய்விடுவதாக ஒரு மூத்த உறுப்பினர் சொன்னதும் குறிப்பேட்டில் உள்ளது.

மேட்ரிக்ஸுக்கு எதிரான வாதம் காசு. சொந்த சர்வர் வைத்தால் மாதாமாதம் வாடகை, அதைவிடப் பராமரிக்க ஆள். பொதுச் சர்வரில் இருந்தால் செலவில்லை, ஆனால் மறுபடியும் யாரோ ஒருவரின் திண்ணை. டெலிகிராமுக்கு எதிராகச் சொன்னது எல்லோருக்கும் தெரிந்தது: செயலியின் நிரல் திறந்திருக்கிறது, சர்வரின் நிரல் மூடியிருக்கிறது. கட்டற்ற மென்பொருள் சங்கம் அங்கே போய் உட்கார்ந்து கட்டற்ற மென்பொருளைப் பேசுவது, மதுக்கடைத் திண்ணையில் மதுவிலக்குக் கூட்டம் போடுவது மாதிரி என்றார் ஒருவர். இளைஞர்கள் விடவில்லை. "கூட்டம் எங்க இருக்கோ அங்கதானே சார் மதுவிலக்கு பேசணும்?" என்றார்கள். எனக்கு இன்றுவரை அதற்குப் பதில் தெரியவில்லை.

அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக் வேண்டாம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே குரல். ஐஆர்சிக்காரர்களும் உள்ளே வரலாம் என்று முதலில் ஒரு வாசல் வைத்திருந்தார்கள், 2018 மே 15 அன்று அடைத்துவிட்டார்கள். நினைவுள்ளவர்கள் அதைச் சொன்னார்கள்.

மூன்றாம் கூட்டத்துக்குள் பாதிக் கேள்வி தானாகத் தீர்ந்துவிட்டது. ஜூன் நடுவில் ஃப்ரீநோட் வேறு மென்பொருளுக்கு மாறியது. பழைய பெயர்ப் பதிவுகளும் சேனல் பதிவுகளும் கூடவே வரவில்லை. நாம் ஒரு மாதமாகத் தேடிய சாவிக்குப் பூட்டே இல்லாமல் போய்விட்டது. வெளிநாட்டிலிருக்கும் முன்னாள் செயலாளருக்குச் சொன்னேன், நிம்மதிப் பெருமூச்சு விட்டார். ஜூலையில் ஒரு உறுப்பினர் பழைய இடத்தை எட்டிப் பார்த்திருக்கிறார். நம் அறையின் பெயரில் ஒரே ஒரு ஆள்தான் இருந்ததாம். நாம் முதலில் எழுந்து நின்றோமே, அவர். பவுன்சர் தானாகவே புது சர்வரில் நுழைந்து, அறையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகஸ்டில் அதுவும் இல்லை.

ஜூன் கடைசியில் எடுத்த முடிவு இது. அறை லிபெராவில். லிபெரா ஸ்வீடனில் பதிவான லாப நோக்கில்லாத சங்கம். விதிமுறை, பொதுக்குழு எல்லாம் உண்டு, நம்மைப் போலவே. அதுவே பலரின் ஓட்டைத் திருப்பியது என்று நினைக்கிறேன். தொலைபேசி மட்டுமே உள்ளவர்களுக்கு மேட்ரிக்ஸ் பாலம் (இரண்டுக்கும் நடுவில் செய்தியைக் கடத்தும் நிரல்) வழியாக அதே அறை. அதில் பழைய பேச்சும் கிடைக்கும். டெலிகிராம் குழு அறிவிப்புக்கு மட்டும். மாணவி முழுதாக மேட்ரிக்ஸுக்கே போக வேண்டும் என்ற தன் மாற்றுக்கருத்தைப் பதிவு செய்யச் சொன்னார், பதிவாகியிருக்கிறது.

இன்னொரு முடிவும் எடுத்தோம், யாரும் எதிர்க்காததால் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. லிபெராவில் சேனலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனர்களை வைக்கலாம். தலைவர், செயலாளர், செயற்குழுவில் ஒருவர் என மூவர் பெயரில் பதிவு. மின்னஞ்சல் முகவரி சங்கத்துடையது. கடவுச்சொற்கள் ஒட்டிய உறையில் பொருளாளரின் பெட்டியில். நிர்வாகம் மாறும்போது ஒப்படைப்புப் பட்டியலில் அலமாரிச் சாவிக்கு அடுத்த வரி இது.

குடிபோன பிறகு எப்படி இருக்கிறது என்றால், உள்ளதைச் சொல்கிறேன். ஒழுங்காக வருபவர்கள் பழைய ஆட்கள்தான். டெலிகிராம் அறிவிப்புக்கு மட்டும் என்று தீர்மானம் போட்டோம். அங்கே காலை வணக்கப் பூக்கள் முதல் பிரிண்டர் சந்தேகம்வரை எல்லாம் ஓடுகிறது. தீர்மானம் போட்டவர்களே அங்கே பதிலும் சொல்கிறார்கள், நான் உட்பட. பாலம் சில நாள் செய்தியை இரட்டிப்பாகத் தள்ளியது, சில நாள் தள்ளவே இல்லை. 'சர்வர் சரியாகிவிட்டதா?' என்று ஒருவர் கேட்டதற்கு மூன்று மணி நேரம் கழித்து இரண்டு முறை பதில் வந்தது.

அறை நிரம்பி வழிந்தது ஒரே ஒரு இரவு. 2021 அக்டோபர் 4. ஃபேஸ்புக், வாட்ஸ்ஆப், இன்ஸ்டாகிராம் மூன்றும் நம் நேரப்படி இரவு ஒன்பது மணிக்கு மேல் படுத்துவிட்டன. பராமரிப்பு வேலையில் ஏற்பட்ட பிழையால், அந்தக் கம்பெனியின் முகவரிகளுக்குப் போகும் வழியே இணைய வரைபடத்திலிருந்து அழிந்து, சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் முடங்கியது. ஆண்டுக்கணக்கில் ஐஆர்சி பக்கம் வராதவர்கள் எல்லாம் அன்றைக்கு வந்தார்கள். ஒருவர் தன் மனைவியையும் கூட்டிவந்து, "இதுதான் நான் ராத்திரியில் உட்கார்ந்திருந்த இடம்" என்று அறிமுகப்படுத்தினார். இணையத்தில் வழி சொல்லும் முறையான பிஜிபி என்றால் என்ன என்று நள்ளிரவு தாண்டியும் பாடம் நடந்தது. காலையில் எல்லாம் சரியானதும் கூட்டம் கலைந்துவிட்டது.

நிலுவையில் உள்ளவை: தமிழ்99 வகுப்பு. பாலத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர், மாணவியே ஒப்புக்கொண்டிருக்கிறார், செயற்குழுவில் அவரைச் சேர்க்கும் தீர்மானம் அடுத்து வருகிறது. மூன்று நிறுவனர்களில் ஒருவரான நான் செயலாளர் பொறுப்பிலிருந்து இன்றோடு விடைபெறுவதால், புதிய செயலாளர் கூட்டம் முடிந்ததும் மடிக்கணினியோடு என்னிடம் வர வேண்டும். அவர் பெயரைச் சேர்த்து, என் பெயரை நீக்கிவிட்டுத்தான் சாப்பாட்டுக்குப் போகிறோம். உறையைப் பொருளாளர் ஐயா கொண்டுவந்திருக்கிறார்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்