நான்டஹேலா காட்டில் தோள் கொடுத்தவருக்கு

போன மாதம் அமெரிக்காவில் வட கரோலினாவின் நான்டஹேலா காட்டில் ஜியோகேச்சிங் போயிருந்தேன். யாரோ ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் வைத்துத் தேடி, உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போடும் விளையாட்டு. நான்டஹேலா என்றால் அங்கத்திய பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் மொழியில் நடுப்பகல் வெயிலின் நிலம் என்பார்கள். பள்ளத்தாக்கு அவ்வளவு ஆழம், உச்சி வேளையில்தான் அடியில் வெயில் விழும். 1838-இல் ராணுவம் செரோக்கி மக்களை மேற்கே விரட்டியபோது சிலர் ஒளிந்து தப்பியது இந்த மலைகளில்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஜிபிஎஸ்ஸும் தடுமாறும் என்பது எனக்கு உறைக்கவில்லை. ரோடோடென்ட்ரான் புதருக்குள் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகியது. போனில் சிக்னல் இல்லை.

நாயோடு வந்தீர்கள் ஐயா. ஒன்றும் கேட்கவில்லை. கழுத்துத் துண்டை அவிழ்த்து என் காலில் இறுக்கிக் கட்டினீர்கள். கம்பு ஒன்றைச் சீவிக் கையில் கொடுத்தீர்கள். அப்புறம் செய்ததுதான் இன்னும் ஆச்சரியம்: பாறை இடுக்கில் இருந்த டப்பாவைத் தேடி எடுத்து வந்து, அதிலிருந்த ஈர நோட்டில் என்னைக் கையெழுத்துப் போட வைத்து, திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தீர்கள். கார் வரை உங்கள் தோள்தான். பெயரைக் கேட்டால் நாயின் பெயரைச் சொன்னீர்கள்!

உங்களுக்குத் தமிழ் தெரியாது. அந்தப் பக்கம் போகும் யாராவது பழுப்பு நாயோடு ஒரு பெரியவரைப் பார்த்தால் சொல்லுங்கள், துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன்.