செல்லுக்கு மாதக் கடைசி தெரியாது

ஆய்வு உதவித்தொகை வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் புற்றுநோய் உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள். ஐந்து மாதமாக எனக்கு உதவித்தொகை வரவில்லை.

சிஸ்பிளாட்டின் என்ற மருந்தைப் பல புற்றுநோய்களுக்குத் தருகிறார்கள். முதலில் நன்றாகக் கேட்கும். சிலருக்குக் கட்டி திரும்ப வரும்போது அதே மருந்து கேட்பதில்லை. ஏன் என்று பார்க்க, மருந்துக்கு மசியாத செல்களை ஆய்வகத்தில் நாமே உருவாக்க வேண்டும். துளி மருந்து கொடுத்து, செத்தது போகப் பிழைத்ததை வளர்த்து, அளவைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி அதே வேலை. ஆறு மாதம் ஆகும், சில நேரம் ஒரு வருடம்கூட. செல்களை வைத்து வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியில் 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மீடியம், அதாவது செல்கள் வளரும் சத்துத் திரவம், மாற்றியாக வேண்டும். மாட்டுப் பொங்கலன்று லேபுக்குக் கிளம்பியபோது அம்மா கேட்டார்: "மாட்டுக்கே இன்னைக்கு லீவு. உனக்கு இல்லையா?"

2023-இல் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகையை மாதம் 31,000-லிருந்து 37,000 ரூபாயாக உயர்த்தினார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் என் இன்குபேட்டரின் 37 டிகிரி ஒரு நாளும் தவறியதில்லை. இந்த 37 ஆயிரம்தான் தவறுகிறது.

வாடகைக்காக மாலையில் டியூஷன் எடுக்கத் தொடங்கினேன். இரவு பத்து மணிக்கு வந்து செல்களைப் பார்ப்பேன். அப்படி ஒரு இரவு, தூக்கக் கலக்கத்தில் எங்கோ கை தவறியிருக்கிறது. மறுநாள் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டிய மீடியம் கலங்கி மஞ்சளாகிக் கிடந்தது. பாக்டீரியா. திரவ நைட்ரஜனில் உறையவைத்த பழைய செல் குப்பிகள் இருந்ததால் பிழைத்தேன். ஆனாலும் நான்கு மாத வேலை போனது போனதுதான். கவனம் தவறியது நான்தான், மறுக்கவில்லை.

தாமதத்துக்கு நான் கேட்ட காரணம், நிறுவனத்தின் பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது கொடுத்த பணத்தைச் செலவழித்த கணக்கு, வரவில்லை என்பது. சரி, அதை நிறுவனத்திடம் கேளுங்கள். கணக்கு எழுதாதது நாங்கள் இல்லையே, எங்கள் மாதத் தொகையை ஏன் நிறுத்துகிறீர்கள்? அப்புறம், கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று நாங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி செய்யுங்கள். போன் செய்தால் "ப்ராசஸ்ல இருக்கு" என்பதற்கு மேல் ஒரு சொல் வருவதில்லை.

நவம்பர் 7 தேசியப் புற்றுநோய் விழிப்புணர்வு நாள். வெள்ளைக் கோட்டுடன் எங்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பார்கள். மறுநாள் கமல் ரணதிவேயின் பிறந்தநாள். மும்பையில் 1960-களில் திசு வளர்ப்பு ஆய்வகத்தை, அதாவது செல்களை உடலுக்கு வெளியே வளர்த்து ஆராயும் இடத்தை, உருவாக்கியவர் அவர். நான் இன்று செய்யும் வேலைக்கு இந்த நாட்டில் வழி போட்டவர்களில் ஒருவர். அவரைப் பற்றியும் யாராவது இரண்டு வார்த்தை பேசுவார்கள்.

இந்த முறையும் வந்து நிற்கிறேன். படத்தை மட்டும் பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். அன்று மீடியம் மாற்றும் நாள்.

இப்படிக்கு,
ஒரு ஜே.ஆர்.எஃப்.