தாய்வீட்டுக்குப் போன பிறகும் அதே செவிலியர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கர்ப்பிணிகளுக்குக் கைப்பேசி வழியாக மருத்துவ ஆலோசனை வழங்குவது பற்றி இப்போது அதிகம் பேசப்படுகிறது. அணைக்கட்டு வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அப்படியொரு ஏற்பாட்டின் பொறுப்பைச் செவிலியரிடமே ஒப்படைக்க வேண்டும் என்றும், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் பெண்ணை மனத்தில் வைத்து அதை வகுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

நம் பக்கத்தில் ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடுகிறார்கள். ஒடுகத்தூரில் பதிவு செய்தவள் பேரணாம்பட்டிலோ ஆற்காட்டிலோ பிரசவத்துக்குக் காத்திருப்பாள். கர்ப்பகால இரத்த அழுத்தக் கோளாறு முதல் கர்ப்பத்தில்தான் அதிகம். அது பெரும்பாலும் தலைகாட்டுவதும் கடைசி மாதங்களில்தான். சரியாக அந்த நேரத்தில், தொடக்கம் முதல் அவளை அறிந்த செவிலியரின் தொடர்பு அறுந்துபோகிறது. பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் தேவைப்படுவதால், கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் பிக்மி எண்ணை வீட்டார் பத்திரமாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் இவள் எதற்குப் பயப்படுகிறாள், மாமியார் எதிரில் எதைச் சொல்லமாட்டாள் என்பதை எழுத அந்தப் பதிவில் இடம் ஏது?

இரும்புச்சத்து மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. குமட்டுகிறது என்று பலர் சொல்லாமலே நிறுத்திவிடுவார்கள். ‘மாத்திரை சாப்பிட்டீர்களா?’ என்று செயலி கேட்டால் ‘ஆம்’ என்று தட்டிவிடுவது எளிது. இந்த மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும் என்பதை அறிந்த அனுபவமுள்ள செவிலியரோ, ‘மலம் கறுப்பாகப் போகிறதாம்மா?’ என்று கேட்பார். தயங்கித் தயங்கி உண்மை வெளியே வரும். பிறகு, இரவு சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்வதும், டீயோடு சேர்க்காதே என்பதும், வேண்டுமானால் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையை மாற்றித் தருவதும் சில நிமிட வேலை. இந்தப் பேச்சு தொலைபேசியிலும் நன்றாகவே நடக்கும்.

தொலைபேசியில் இரத்த அழுத்தம் பார்க்க முடியாதுதான். ஆனால் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றை விசாரித்து, யாரை இன்றே நேரில் பார்க்க வேண்டும் என்று செவிலியரால் முடிவெடுக்க முடியும். இரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டவளை நாளைக்குப் பார்ப்போம் என்று விட முடியாது. கர்ப்பகாலத்தில் குறைந்தது 8 முறை சுகாதாரப் பணியாளரின் தொடர்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது. இந்த அழைப்புகளை அந்த நேரடிப் பரிசோதனைகளுக்கு ஈடாகக் கணக்கில் காட்டிவிடக் கூடாது.

பல வீடுகளில் கைப்பேசி கணவர் கையில்தான் இருக்கிறது. பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை போன்ற மலைக் கிராமங்களுக்கு, சிக்னல் இல்லாதபோதும் பயன்படும் மாற்று ஏற்பாடு தேவை. கர்ப்பிணி தனியாகப் பேசக்கூடிய நேரத்தை முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளலாம். எழுத்துச் செய்தியைவிடக் குரல் பதிவே நல்லது.

இதையெல்லாம் இன்றிருக்கும் செவிலியர் தலையில் கூடுதல் சுமையாக ஏற்றினால் ஒன்றும் நடக்காது. ஏற்கெனவே பதிவேட்டிலும் கணினியிலுமாக ஒரே விவரத்தை இருமுறை எழுதி மாலைப் பொழுது கழிகிறது. பதிவேற்றும் வேலைக்குத் தனி ஆள் தந்துவிட்டு, அந்த நேரத்தைப் பேசுவதற்கு ஒதுக்க வேண்டும். 1909-லேயே செவிலியர் பள்ளி தொடங்கப்பட்ட வேலூரில் இதற்கான பயிற்சி தர ஆள் கிடைக்காமல் போகாது.

முதற்கட்டமாக, கர்ப்பிணி தாய்வீட்டுக்குப் புறப்படும் வாரத்தில் இரு ஊர்ச் செவிலியர்களும் அவளையும் இணைப்பில் வைத்துப் பேசிப் பொறுப்பை ஒப்படைப்பதையும், பிரசவம் வரை பழைய செவிலியர் வாரம் ஒருமுறை அழைப்பதையும் கட்டாயமாக்கலாம். வேலூர் மாவட்டச் சுகாதாரத் துறையினர் ஒரு வட்டாரத்திலாவது இதைத் தொடங்கிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்.