கருவியைத் தொடுகிற கை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது "சரிம்மா" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். நீ அதைத் தப்பாக எடுத்துக்கொண்டிருப்பாய். எம்.எஸ்ஸி. பயோடெக்னாலஜி படித்த பெண் ஆய்வகக் கருவி விற்கப் போகிறாளே என்று அம்மாவுக்கு வருத்தம் என நினைத்திருப்பாய். உன் பெரியப்பா அப்படித்தான் கேட்டார். "பையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலையவா இவ்வளவு படிப்பு?" என்றார். எனக்கு வருத்தம் இல்லை. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, போனில் அடங்காது. அதனால் எழுதுகிறேன்.

29 ஆண்டுகள் லேப் டெக்னீஷியனாக இருந்தவள் நான். உன்னைப் போன்றவர்கள் வந்து நிற்கும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். கழுத்தில் டை, கையில் கேட்டலாக், வாசலிலேயே துறைத் தலைவரைத் தேடி "எச்.ஓ.டி. மேடம் இருக்கிறார்களா?" என்ற கேள்வி. உள்ளே போவார்கள், அரை மணி நேரம் பேசுவார்கள், வெளியே வந்து போய்விடுவார்கள். கருவியை ஓட்டப்போகிறவள் அடுத்த அறையில் நிற்கிறாள் என்பது அவர்களுக்குத் தோன்றியதே இல்லை.

ஒருவர் மட்டும் வேறு மாதிரி. டியூப்களை வேகமாகச் சுற்றிக் கரைசலில் உள்ளதைப் பிரிக்கிற சென்ட்ரிஃபியூஜ் ஒன்று புதிதாக வாங்க இருந்த சமயம். எச்.ஓ.டி. அறைக்குப் போவதற்கு முன்பே என்னிடம் வந்து, "பழையதை நீங்கள்தானே ஓட்டுகிறீர்கள், பார்க்கலாமா?" என்று கேட்டார். மூடியைத் திறந்து, டியூப்களைத் தாங்கிச் சுற்றுகிற ரோட்டரைத் தூக்கி வெளியே வைத்து, குழிகளுக்குள் ஒவ்வொன்றாக விரலை விட்டுத் தடவினார். விரல் நுனியில் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. அலுமினியம் அரித்திருக்கிறது, உப்புக் கரைசல் சிந்தியதைத் துடைக்காமல் விட்டதால் வந்த வினை என்றார். அரித்த ரோட்டர் வேகத்தில் சுற்றும்போது உடைந்து சிதறலாம், இன்றோடு நிறுத்திவிடுங்கள் என்றார். நான் அதன் பக்கத்தில் நின்றுதான் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பையிலிருந்து மல்ட்டிமீட்டரை எடுத்து பிளக் பாயிண்டில் வைத்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் 11 வோல்ட் காட்டியது. "முதலில் எர்த்திங்கைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் எந்தக் கம்பெனி கருவியை வாங்கினாலும் போர்டு போய்விடும்" என்றார். ஒரு தடவைக்கு எத்தனை டியூப் ஓட்டுவீர்கள் என்று கேட்டார். எட்டு, பரீட்சை நேரத்தில் பன்னிரண்டு என்றேன். அவர் கொண்டுவந்திருந்த கொட்டேஷன் 24 டியூப் கருவிக்கானது. எச்.ஓ.டி.யின் முன்னாலேயே பேனாவால் அதை அடித்துவிட்டு, 12 டியூப் கருவிக்கு விலை எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு எங்கள் துறைக்கு எது தேவைப்பட்டாலும் முதலில் அவரைக் கூப்பிடச் சொன்னவள் நான்தான். கையெழுத்து எச்.ஓ.டி. போடுவார், ஆனால் யாரைக் கூப்பிடலாம் என்ற கேள்வி என்னிடம்தான் வரும். நீ போகிற இடங்களிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரைப் பார்க்காமல் திரும்பாதே. நீ வேலைக்குப் போகிற ஹைதராபாத்தில் அவர் தெலுங்கில் பேசுவார், சீக்கிரம் கற்றுக்கொள்.

படிப்பு வீணாகிறதே என்கிறார்கள். விலைப்பட்டியலை யார் வேண்டுமானாலும் மனப்பாடம் செய்யலாம். டி.என்.ஏ.வைப் பெருக்கி, அது ஜெல்லில் கோடாக, அதாவது பேண்டாக, வருகிறதா என்று பார்க்கிற ஒரு ஆராய்ச்சி மாணவி "ஜெல்லில் பேண்டே வரவில்லை, வேறு கிட் வேண்டும்" என்று உன்னிடம் சொல்வாள். ப்ராஜெக்ட்டின்போது மூன்று மாதம் வெறும் ஜெல்லைப் பார்த்துப் பார்த்து நீ அழுதது எனக்குத் தெரியும். டெம்ப்ளேட்டாக வைத்த டி.என்.ஏ. சுத்தமாக இருக்கிறதா, மெக்னீசியம் எவ்வளவு, அனீலிங் வெப்பநிலையைக் குறைத்துப் பார்த்தாயா என்று அவளிடம் கேட்க உன்னால் முடியும். அந்தக் கேள்விகளிலேயே அவள் பிரச்சினை தீர்ந்து, அன்றைக்கு நீ ஒன்றும் விற்காமல் வெளியே வந்தால் அதற்காக வருந்தாதே.

பெரியப்பாவுக்கு நான் ஒரு கதை சொன்னேன். அமிலத்தன்மையை அளக்க நாம் தினமும் தொடுகிற பி.எச். மீட்டரின் கதை. அர்னால்டு பெக்மன் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் வேதியியல் பேராசிரியர். எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மையைச் சரியாக அளக்க முடியாமல் திணறிய நண்பர் ஒருவருக்காக, 1934இல் வாக்யூம் டியூப் ஆம்ப்ளிஃபயர் வைத்து ஒரு கருவி செய்து கொடுத்தார். விலை 195 டாலர், அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை. யாராவது வாங்குவார்களா என்று தெரிந்துகொள்ள மனைவி மேபலையும் அழைத்துக்கொண்டு ரயிலேறி, ஊர் ஊராகக் கருவி வியாபாரிகளைப் பார்க்கப் போனார். ஃபிலடெல்ஃபியாவில் ஒரு நிறுவனம், பத்தாண்டுகளில் 600 விற்கலாம் என்று கணக்குச் சொன்னது. 1936ஆம் ஆண்டில் மட்டும் 444 விற்றன. பேராசிரியரே பெட்டியோடு ரயிலேறினார், என் மகள் ஏறினால் என்ன குறை என்று கேட்டேன். பெரியப்பா காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

டெண்டர் விஷயத்தில் மட்டும் கவனமாக இரு. அரசு நிறுவனங்களில் பெரும்பாலும் இரண்டு உறை முறைதான். 2016இல் அரசுக் கொள்முதலுக்கான ஜெம் இணையதளம் வந்த பிறகு பலதும் கணினி வழியாக நடக்கிறது. தொழில்நுட்ப உறையில் தேறியவர்களின் விலை உறையைத்தான் திறப்பார்கள், அதில் குறைந்த விலை சொன்னவருக்கு ஆர்டர். அதனால் உண்மையான போட்டி, கருவி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதுகிற ஸ்பெசிஃபிகேஷனில் நடக்கும். பேராசிரியர்களே உன்னிடம் எழுதித் தரச் சொல்வார்கள். உன் கம்பெனியிடம் மட்டும் இருக்கிற ஏதோ ஒரு அளவை அதில் நுழைத்துவிட்டால் மற்றவர்கள் தானாக விலகிவிடுவார்கள் என்று உன் மேலதிகாரி சொல்லக்கூடும். செய்யாதே, பாப்பா.

மார்ச் 31க்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்ற அவசரத்தில், அப்படி எழுதப்பட்ட ஸ்பெசிஃபிகேஷனை வைத்து எங்கள் துறையில் ஒரு ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் வாங்கினார்கள், கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கிற கருவி. யாரும் பயன்படுத்தாத வசதிகள் அதில் நிறைய இருந்தன. புற ஊதாக் கதிருக்கான டியூட்டீரியம் விளக்கு ஆயிரம், இரண்டாயிரம் மணி நேரத்தில் தீர்ந்துவிடும், மாற்று விளக்குக்கு இவ்வளவு ஆகும் என்று விற்றவர் சொல்லவே இல்லை. மூன்றாம் ஆண்டு விளக்கு போனது, அவர் போனை எடுக்கவில்லை. 260 நானோமீட்டரில் டி.என்.ஏ.வை அளப்பதை மூன்று பேட்ச் மாணவிகள் கரும்பலகைப் படத்தில் மட்டுமே பார்த்தார்கள். திங்கட்கிழமைதோறும் அந்தக் கருவியின் மேல் போட்டிருந்த துணியை உதறி மறுபடி போடுவேன். அந்தத் துணியின் நிறம்கூட எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்படி ஒரு துணிக்குக் கீழே நீ விற்ற கருவி இருக்கக்கூடாது.

என்சைம் விற்றால் வெள்ளிக்கிழமை அனுப்பச் சம்மதிக்காதே. சனிக்கிழமை மாலை வந்து சேரும் பெட்டியை வாட்ச்மேன் படிக்கட்டுக்குக் கீழே வைத்துவிடுவார், திங்கட்கிழமை திறந்தால் ஐஸ் தண்ணீராகியிருக்கும். வாட்ச்மேனின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்.

இன்சென்டிவ் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. அறை வாடகையையும் சாப்பாட்டையும் சம்பளத்துக்குள் முடித்துக்கொள். வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றி இந்த ஆண்டு யோசிக்கவே வேண்டாம், என் பென்ஷன் போதும்.

தார்னாக்கா, ஹப்சிகுடா பக்கம் ஐ.ஐ.சி.டி., சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனங்கள், உஸ்மானியா பல்கலைக்கழகம் எல்லாம் அருகருகே இருப்பதால் அலைச்சல் குறைவு. உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்கள் இருக்கிற ஜீனோம் வேலி போகிற நாளில் மட்டும் காலையிலேயே கிளம்பிவிடு.

பார்சலில் பருப்புப் பொடியோடு ஒரு நீல அட்டை நோட்டும் இருக்கும். எங்கள் ஆய்வகக் கருவிகள் எப்போது பழுதாயின, என்ன காரணம், யார் வந்து சரிசெய்தார்கள், எத்தனை நாள் காத்திருந்தோம் என்று எனக்காக நான் எழுதிவைத்தது. வேலையில் சேருவதற்கு முன் ஒரு முறை புரட்டிப் பார். புரியாத கையெழுத்து இருந்தால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடு, விழித்திருப்பேன். வேலையாக வாரங்கல் போகிற அன்று ரயிலில் இடம் கிடைத்ததும் ஒரு செய்தி அனுப்பு.

அன்புடன்,
அம்மா