சஸ்பென்ஷன் பக்கத்தின் பூட்டைத் திறந்துவிடுங்கள்: மதுரை மோட்டோகிராஸ் சிமுலேஷன் போட்டி அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கேமிங் சென்டர்களில், மேடுபள்ளமான மண் தடத்தில் பைக் ஓட்டும் மோட்டோகிராஸ் பந்தயத்தின் கணினி சிமுலேஷன் போட்டிகளை நடத்திவரும் உங்கள் அனைவருக்கும், அவற்றில் தொடர்ந்து கலந்துகொள்பவன் என்ற உரிமையில் ஒரே ஒரு கோரிக்கையை முன்வைத்து இம்மடலை எழுதுகிறேன். போட்டியின்போது, சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷனை ஓட்டுநர் தனக்கேற்ப மாற்றிக்கொள்ள உதவும் அமைப்புப் பக்கத்தைப் பூட்டிவைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். எல்லோரும் ஆரம்ப அமைப்பிலேயே ஓட்ட வேண்டும் என்ற விதியை நல்ல எண்ணத்தோடுதான் வகுத்திருக்கிறீர்கள். வீட்டில் கணினி வைத்துப் பழகியவருக்கும் சென்டருக்கு வந்து மணிக்கணக்கில் காசு கொடுத்து ஓட்டுபவருக்கும் இடையே வேறுபாடு இருக்கக் கூடாது என்று நினைத்தீர்கள். ஆனால் அந்த விதி நீங்கள் விரும்பிய சமநிலையைத் தரவில்லை என்பதோடு, இந்த விளையாட்டின் சரிபாதியையும் போட்டிக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

ஆரம்ப அமைப்பு யாருக்கும் சாராத நடுநிலையான அமைப்பு அன்று. அது ஏதோ ஒரு விதமான ஓட்டுநரை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. உண்மையான மோட்டோகிராஸ் பைக்கும் ஒரு சராசரி எடைக்குரிய ஸ்பிரிங்கோடுதான் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. அதைவிட எடை கூடியவரும் குறைந்தவரும் ஸ்பிரிங்கை மாற்றிக்கொள்கிறார்கள். சிமுலேஷனில் நம் உடல் எடை கணக்கில் வராமல் போகலாம், ஆனால் ஓட்டும் விதம் கட்டாயம் கணக்கில் வரும். வளைவுக்கு மிக அருகில் வந்து முன் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பவருக்கு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் மூக்கைக் குத்தாமல் தாங்க வேண்டும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து வளைவுக்குள் உருட்டிக்கொண்டு போகிறவருக்கோ அதே ஃபோர்க் இன்னும் இளகி இருந்தால்தான் முன் டயர் மண்ணைப் பிடிக்கும். ஒரே அமைப்பை இருவர் மீதும் சுமத்தும்போது, யாருடைய பழக்கம் அந்த அமைப்போடு தற்செயலாகப் பொருந்துகிறதோ அவரே முந்துகிறார்.

சஸ்பென்ஷன் பக்கம் என்பது எண்களை ஏற்றி இறக்கிப் பார்க்கும் சூதாட்டம் என்ற எண்ணம் உங்களில் சிலரிடம் இருப்பதைப் பேச்சுவாக்கில் அறிந்தேன். அதனால் அதன் உள்ளியல்பைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

இன்றைய மோட்டோகிராஸ் பைக்கில் சக்கரம் மேலும் கீழும் செல்லக்கூடிய தூரம் முன்னும் பின்னும் ஏறத்தாழ 300 மில்லிமீட்டர். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்த நிலையில் பின்பகுதி ஏறத்தாழ 100 முதல் 105 மில்லிமீட்டர் வரை அமுங்கி நிற்க வேண்டும் என்பது பொதுவான தொடக்க அளவு. சேக் எனப்படும் இந்த அமுங்கல் மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு. பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டே போவதற்கு இந்த இருப்பு வேண்டும். சேக் கூடினால் பின்பகுதி தாழ்ந்து, நேர்ப்பாதையில் பைக் நிதானமாகவும் வளைவில் பிடிவாதமாகவும் இருக்கும். குறைந்தால் முன்பக்கம் சாய்ந்து, வளைவில் சட்டெனத் திரும்பினாலும் வேகத்தில் தலையாட்டத் தொடங்கும். இதைச் சரிசெய்வது பிரீலோட், அதாவது ஸ்பிரிங்குக்கு முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கம். பிரீலோடை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் ஸ்பிரிங்கின் கடினம் மாறுவதில்லை, பைக் நிற்கும் உயரம்தான் மாறுகிறது. ஓட்டுநருடன் சேக் சரியாக அமைந்த பின், ஆள் இல்லாமல் பைக் தன் எடையில் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்க வேண்டும். அது 30 மில்லிமீட்டருக்கு வெகுவாகக் குறைந்திருந்தால் அந்த ஸ்பிரிங் தேவைக்கு மேல் இளகியது என்று பொருள், ஏனெனில் அதை அளவுக்கு மீறி இறுக்கித்தான் அந்த உயரத்தைப் பெற்றிருக்கிறோம். முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும் இந்த உண்மையைப் புரிந்துகொண்ட ஓட்டுநர், பைக்கைப் பார்க்கும் விதமே மாறிப்போகிறது.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது அதிர்வைத் தாங்கும் ஷாக் அமுங்கும்போது காட்டும் எதிர்ப்பு. இதிலுள்ள லோ ஸ்பீடு, ஹை ஸ்பீடு என்ற இரண்டும் பைக்கின் வேகத்தைக் குறிப்பன அல்ல. ஷாக்கின் தண்டு உள்ளே செல்லும் வேகத்தைக் குறிப்பன. பிரேக் பிடிக்கையில் முன்பக்கம் அமிழ்வதும், ஜம்ப்பின் ஏற்றத்தில் பைக் அழுந்துவதும் மெதுவான அசைவுகள் என்பதால் லோ ஸ்பீடின் கீழ் வருகின்றன. கூர்மையான விளிம்புள்ள குழியில் சக்கரம் மோதுவதும், தூரம் தவறித் தட்டையான தரையில் வந்து விழுவதும் ஹை ஸ்பீடின் கீழ் வருகின்றன. நூறு கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் ஓடும் பைக்கின் ஷாக் ஏறக்குறைய அசையாமல் இருக்கும்; நடக்கும் வேகத்தில் ஒரு கல்லின் மேல் ஏறும் பைக்கின் ஷாக்கோ படீரென்று உள்ளே போகும்.

ரீபவுண்டைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆரம்ப அமைப்பில் பெரும்பாலான ஓட்டுநர்கள் விழுவது இதனால்தான் என்பது என் உறுதியான கருத்து. அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு விரைவாகத் திரும்பி எழலாம் என்பதை ரீபவுண்டு கட்டுப்படுத்துகிறது. பின்பக்க ரீபவுண்டு மிக வேகமாக இருந்தால் ஜம்ப்பின் உச்சி விளிம்பில் பின்சக்கரம் உதைத்து, பைக் முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும். மிக மெதுவாக இருந்தால், வரிசையாக மேடுகள் வரும் வூப்ஸ் பகுதியில் முதல் மேட்டில் அமுங்கிய ஷாக் எழுந்து நிற்பதற்குள் இரண்டாவது மேடு வந்துவிடும். மேட்டுக்கு மேடு அது இன்னும் தாழ்ந்து, கடைசியில் அசையவே இடமின்றிக் கட்டையாகிவிடும். அப்போது ஓட்டுநர், “ஸ்பிரிங் கல்லு மாதிரி இருக்கு” என்று சொல்லிக் கம்ப்ரஷனைத் தளர்த்துவார். நோய் ஒன்று, மருந்து வேறொன்று. திரையில் பைக்கின் மேல் கண் வைத்து, மறு ஒளிபரப்பை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பின் மட்கார்டு ஒவ்வொரு மேட்டிலும் சற்றே கீழிறங்கிக்கொண்டு போவது தெளிவாகத் தெரியும்.

மண்ணும் சுற்றுக்குச் சுற்று மாறுகிறது. எம்எக்ஸ் பைக்ஸ் போன்ற சிமுலேஷன்களில் சக்கரம் போகும் தடத்தில் தரை பள்ளமாகிறது. முதல் சுற்றில் வழவழவென்று இருந்த வளைவின் முகப்பில், போட்டி முடிவதற்குள் பிரேக் பிடித்துப் பிடித்தே திட்டுத் திட்டாக மேடுகள் எழுந்துவிடுகின்றன. பெல்ஜியத்தின் லோமல் போன்ற ஆழமான மணல் தடத்தில் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, கம்ப்ரஷனைக் கூட்டி ஓட்டுவார்கள். நம் திருமங்கலம் பக்கத்துக் கரிசல் கோடையில் காய்ந்து கிடப்பதுபோல இறுகிய தரையில் அதே அமைப்பு ஓட்டுநரைத் தூக்கி எறியும். உங்கள் போட்டிகளில் இரண்டு வகைத் தடமும் அடுத்தடுத்து வருகின்றன, ஆனால் அமைப்பு மட்டும் மாறாமல் இருக்கிறது.

இதை விளையாட்டின் ஓரத்தில் உள்ள நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1973-இல் ஸ்வீடனின் ஹாக்கன் ஆண்டர்சன் யமஹா பைக்கில் 250 சிசி உலகப் பட்டத்தை வென்றபோது, பின்பக்கத்தில் இரட்டை ஷாக்குகளுக்குப் பதிலாக ஒற்றை ஷாக்கைக் கொண்ட புதிய அமைப்பு அந்த பைக்கில் இருந்தது. அதன் பின் சில ஆண்டுகளுக்குள் சக்கரம் அசையும் தூரம் பன்மடங்கு பெருகி, தடங்களும் ஜம்ப்புகளும் அதற்கேற்பப் பெரிதாயின. பன்னாட்டு மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு இன்று இன்ஜின் கொள்ளளவுக்கும், குறைந்தபட்ச எடைக்கும், சத்தத்துக்கும் வரம்பு வைக்கிறது. ஓட்டுநர் தன் ஃபோர்க்கின் திருகை எத்தனை க்ளிக், அதாவது எத்தனை படி, வைத்துக்கொள்கிறார் என்பதில் தலையிடுவதில்லை. களத்திலேயே இல்லாத கட்டுப்பாடு சிமுலேஷனுக்கு எதற்கு?

சென்ற மழைக்காலத்தில் நடந்த ஒரு போட்டியில் நான் பார்த்ததை இங்கே சொல்வது பொருத்தமாக இருக்கும். எந்த சென்டர் என்பது முக்கியம் இல்லை. எல்லா இடத்திலும் விதி ஒன்றுதான். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பேருந்து ஏறி வந்திருந்த ஒரு தம்பி, இருசக்கர வாகன ஒர்க் ஷாப்பில் வேலை கற்றுக்கொண்டிருப்பவர். நகக்கண்ணில் கிரீஸ் கறை போகாத கையோடு கேம்பேடைப் பிடித்திருந்தார். பயிற்சிச் சுற்றில் வூப்ஸின் நடுவில் ஒவ்வொரு முறையும் அவருடைய பைக்கின் பின்பகுதி இடமும் வலமுமாக வெட்டிக்கொண்டு போனது. அவர் மறு ஒளிபரப்பை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, “அண்ணே, பின்னாடி ஷாக்கு எழுந்திரிக்கவே மாட்டேங்குது, ரீபவுண்டு ரெண்டு க்ளிக் தொறந்து விட்டாப் போதும்” என்றார். வாடிக்கையாளரின் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, சீட்டை ஓங்கி அழுத்திவிட்டுக் கையை எடுத்து, அது எழும் வேகத்தைத் தினமும் பார்க்கிற கண் அது. அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. அவர் சஸ்பென்ஷன் அமைப்பு உள்ள கேரேஜ் பக்கத்தைத் திறந்தபோது எண்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில் அசையாமல் நின்றன. அந்தத் தம்பி முதல் சுற்றோடு வெளியேறினார். அவரிடம் இருந்த அறிவை மதிப்பிட அந்தப் போட்டியில் இடமே இல்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஷாக்கைப் பிரித்து, ஆயில் சீல் மாற்றி, ஆயிலின் அளவைக் கண்ணால் கணித்து ஊற்றும் பிள்ளைகள் எத்தனையோ பேர். விலை உயர்ந்த கணினி அவர்கள் வீட்டில் இல்லை, ஆனால் இந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டால் அவர்கள் கை ஓங்கும்.

அமைப்பை மாற்ற விட்டால் நேரம் வீணாகும் என்பது நீங்கள் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு. கச்சேரி தொடங்குவதற்கு முன் மிருதங்கக்காரர் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதை நேர விரயம் என்று சபையில் யாரும் சொல்வதில்லை. ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம் போதும். அந்த நேரத்துக்குள் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு சுற்று ஓட்டி, மாற்றம் நல்லதா கெட்டதா என்று முடிவுசெய்து அடுத்ததற்குப் போக முடியும். தெரியாதவர் பின்தங்குவார் என்ற மறுப்பு இதைவிட வலுவானது, அதை நான் மதிக்கிறேன். அதற்குத் தீர்வு தெரிந்தவரின் கையைக் கட்டுவது அன்று. இறுகிய தரைக்கு ஒன்று, ஈரமண்ணுக்கு ஒன்று, மணலுக்கு ஒன்று என்று மூன்று ஆயத்த அமைப்புகளை எல்லாக் கணினிகளிலும் ஏற்றிவைத்து, எது எதற்காக என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டு மேசையில் வையுங்கள். அந்தப் பக்கத்தை எழுதித் தர நானும் என்னோடு ஓட்டும் நண்பர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். புதியவர் அதில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு ஓட்டலாம். விருப்பம் உள்ளவர் அங்கிருந்து மேலே போகலாம்.

விளையாட்டின் இயற்பியல் கோப்புகளையே திருத்தி வருபவர்களைத் தடுக்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். வெளியிலிருந்து கொண்டுவரும் பைக் கோப்புகளுக்குத் தடை தொடரட்டும். கேரேஜ் பக்கத்தில் விளையாட்டே அனுமதிக்கும் வரம்புக்குள் செய்யும் மாற்றம் வேறு, கோப்பைத் திருத்துவது வேறு. இரண்டையும் ஒரே விதியால் அடைத்ததுதான் இத்தனை சிக்கலுக்கும் காரணம்.

நேரத்தைப் பற்றிப் பேசுகையில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டிகளை மாலையில் தொடங்குவதால், ஆரப்பாளையத்திலிருந்தும் மாட்டுத்தாவணியிலிருந்தும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய வெளியூர்ப் பிள்ளைகளால் பயிற்சிச் சுற்றில் நிதானமாக அமர முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினால் அமைப்புக்கான இருபது நிமிடத்தை யாருக்கும் இழப்பில்லாமல் ஒதுக்க முடியும்.

அடுத்த போட்டிக்கான அறிவிப்பை வெளியிடும்போது மூன்று செய்திகளை அதில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: எந்தத் தடங்களில் ஓட்டப்போகிறோம், சஸ்பென்ஷன் பக்கம் திறந்திருக்கும், ஒவ்வொரு தடத்துக்கும் முன்பாக இருபது நிமிடப் பயிற்சி உண்டு. அனைத்து சென்டர்களிலும் ஒரே நேரத்தில் மாற்றுவது கடினம் என்றால், ஒரே ஒரு போட்டியில் இதைச் செய்து பார்த்து, கலந்துகொண்டவர்களிடம் கருத்துக் கேளுங்கள். அந்தப் போட்டியில் கணினிகளைத் தயார் செய்வதற்கும், புதியவர்களுக்குப் பக்கத்தில் அமர்ந்து விளக்குவதற்கும் காலையிலேயே வந்து உதவுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் போட்டிகளில் ஓட்டும் ஒருவன்,
மதுரை.