கால்சியம் ஊற்றச் சொல்வதற்கு முன்: ரீஃப் தொட்டி ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வருடக்கணக்கில் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துக் கோரல் (பவள உயிர்) வளர்த்து, புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

யாராவது "சாஃப்ட் கோரல் எல்லாம் சுருங்கிக்கிட்டே போகுது, என்ன பண்றது?" என்று கேட்டால் நீங்கள் சொல்லப்போகும் முதல் வரி எனக்கு மனப்பாடம். "அளவெல்லாம் சொல்லு." அவரும் உப்பு, ஆல்கலினிட்டி (காரத்தன்மை), கால்சியம், மெக்னீசியம் என்று வரிசையாகச் சொல்வார். கால்சியம் 380 பிபிஎம் (பத்து லட்சத்தில் 380 பங்கு) என்று கொஞ்சம் குறைவாக இருந்துவிட்டால் முடிந்தது கதை, அதை ஏற்றச் சொல்லி ஒரு பாட்டிலைக் கை காட்டிவிடுவீர்கள். கால்சியம் கல் கூடு கட்டத்தானே வேண்டும், சாஃப்ட் கோரல் என்னும் மென்பவளத்துக்குக் கல் கூடே கிடையாதே! அதில் ஒரு வகையான லெதர் கோரலின் சதைக்குள் ஸ்கிளிரைட் என்று பொடிப்பொடியான சுண்ணாம்பு முட்கள் இருக்கும், அவ்வளவுதான். இவற்றோடு சேர்த்து வளர்க்கும் மஷ்ரூம், ஜோவாந்தஸ் வகைகளுக்கு அதுவும் இல்லை. 380 என்பதற்காக இவை சாகாது.

கேட்க வேண்டியது வேறு. எது சாகிறது, எந்த வரிசையில் சாகிறது, அதற்கு முன் தொட்டிக்குள் புதிதாக என்ன வந்தது? இதைக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில், நிஜமாகவே சாகிறதா என்று பாருங்கள். காளான் வடிவ டோட்ஸ்டூல் லெதர் கோரல் அவ்வப்போது பாலிப் என்னும் பூப்போன்ற சின்ன வாய்களை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, மேலே மெழுகு பூசியது மாதிரி பளபளவென்று மூடிக்கிடக்கும், சில நாளோ ஒன்றிரண்டு வாரமோ. பிறகு அந்தப் படலம் ஓரத்தில் கிழிந்து தண்ணீரில் ஆடும், அடியில் புதுத் தோல் தெரியும். தோல் உரிக்கிறது, வேறொன்றும் இல்லை. அதன் மேல் கொஞ்சம் நீரோட்டம் படும்படி பம்பைத் திருப்பிவிட்டால் போதும். இந்த நேரத்தில் மருந்துக் குளியல் போடச் சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அழுகல் என்பது வேறு: அடித்தண்டிலோ மடிப்பிலோ ஒரு இடம் பழுப்பாகி, தொட்டால் கொழகொழவென்று கையோடு வரும், வெளியே எடுத்தால் நாற்றம் தாங்காது. அப்போது காத்திருக்கவே கூடாது, கூர்மையான பிளேடால் நல்ல சதை தெரியும் வரை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

நத்தை, இறால் உட்பட எல்லாமே ஒரே சமயத்தில் சோர்ந்தால் தண்ணீரில்தான் கோளாறு. உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) என்கிறார், சரி, எதை வைத்து அளந்தார்? முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு குமிழி ஒட்டினாலே கணக்கு மாறிவிடும். ரிஃப்ராக்டோமீட்டர் என்றாலும் 35 பிபிடி கரைசலில் சரிபார்த்ததா என்று கேளுங்கள். ஹீட்டர் அணையாமல் எரிந்துகொண்டே இருந்ததா, கண்ணாடி துடைக்கும் காந்தத்தின் உறை விரிசல் விட்டு உள்ளே துரு ஏறியிருக்கிறதா, மீன் நோய்க்குச் செம்பு கலந்த மருந்தை அதே தொட்டியில் ஊற்றினாரா? மீன் தாங்கும் செம்பை முதுகெலும்பில்லாத உயிர்கள் தாங்காது.

ஒன்று மட்டும் செழித்து நிற்க, பக்கத்தில் இருப்பது மட்டும் வாடுகிறதா? அங்கே சண்டை நடக்கிறது. லெதர் கோரல்கள் பக்கத்துக் கோரலைத் தாக்கும் டெர்பீன் வகை ரசாயனங்களைத் தண்ணீரில் விடும். ஜான் கோல், பால் சம்மார்கோ என்ற ஆய்வாளர்கள் 1980களிலேயே ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கடலில் அது அடித்துக்கொண்டு போய்விடும். நம் தொட்டியில் அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அதை உறிஞ்சியெடுக்கும் ஆக்டிவேட்டட் கார்பனை மாற்றாமல் மாதக்கணக்கில் விட்டுவிட்டு, அளவெல்லாம் சரியாக இருக்கிறதே என்றால் எப்படி? வீட்டில் வைத்திருக்கும் எந்த டெஸ்ட் கிட்டும் டெர்பீனைக் காட்டாது.

எல்லாவற்றையும் விட எனக்கு ஆதங்கம் இந்தப் பூஜ்யத்தின் மேல்தான். நைட்ரேட் 0, பாஸ்பேட் 0 என்று ஒருவர் சொன்னால் "சூப்பர்" என்று கை தட்டுகிறீர்கள். அங்கே கோரல் பட்டினி கிடக்கிறது. சதைக்குள் குடியிருக்கும் பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும், அந்தப் பாசி செய்யும் உணவில்தான் கோரலே வாழ்கிறது. பூஜ்யத்தில் வாரக்கணக்கில் விட்டால் நிறம் வெளிறும், ஜோவாந்தஸ் தலைகள் சின்னதாகும், சீனியா என்ற சாஃப்ட் கோரல் கரைந்தே போகும், போதாக்குறைக்குப் பாறை மேல் பழுப்பு நூலும் குமிழியுமாக டைனோஃப்ளாஜெல்லேட் என்னும் ஒற்றைச் செல் நுண்ணுயிர் படரும். நைட்ரேட் 5 முதல் 15 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பக்கத்தில் இருந்தால் சாஃப்ட் கோரல் தொட்டிக்கு ஒரு குறையும் வராது. பாஸ்பேட் உறிஞ்சும் ஜிஎஃப்ஓ என்ற இரும்புத் துகளை எடுத்துவிட்டு மீனுக்குக் கூடக் கொஞ்சம் தீனி போடச் சொல்லுங்கள். இதில் யாருக்கும் பாட்டில் விற்காது, அதனால்தான் யாரும் சொல்வதில்லையோ என்னவோ.

விளக்கை மாற்றியிருந்தால் அதையும் கேளுங்கள். புது எல்ஈடியை முதல் நாளே முழு வெளிச்சத்தில் வைத்தால் வெளிறத்தான் செய்யும். ஜோவாந்தஸ் மட்டும் காரணமில்லாமல் மூடிக்கிடந்தால், விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், தண்டுகளுக்கிடையில் அதே நிறத்தில் அதைத் தின்னும் நுடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) ஊர்ந்துகொண்டிருக்கலாம்.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து இதை விடாமல் சொல்லுங்கள். ஜோவாந்தஸ், அதன் உறவான பாலிதோவா ஒட்டியிருக்கும் கல்லைக் கொதிநீரில் போடு, பிரஷ் போட்டுத் தேய் என்று யோசனை சொல்கிறீர்களே, அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அந்த ஆவியைச் சுவாசித்தவர்கள் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். கொதிநீர் வேண்டவே வேண்டாம். வெட்டுவதாக இருந்தால் கையுறை, கண்ணாடி இரண்டும் போட்டுக்கொள்ளட்டும், கையில் காயம் இருந்தால் அந்தக் கல்லைத் தொடவே வேண்டாம்.